உப்பும் புழுக்கமும் இடும் கட்டளை: செங்கடல் பாலைக்கரையில் சொகுசு விடுதிகளின் வடிவமைப்பு

சவூதி அரேபியாவின் வடமேற்குக் கரையில், உம்லுஜ், அல் வஜ்ஹ் என்ற இரு சிறு துறைமுக ஊர்களுக்கு நடுவே, பவளத்திட்டுகள் வெளியரணாக நிற்க, உள்ளே அமைதியாகக் கிடக்கிறது ஒரு பெரிய காயல். அதன் பரப்பு ஏறத்தாழ 2,081 சதுர கிலோமீட்டர். உள்ளே 92 தீவுகள். கடற்புல் மேயும் ஆவுளியா, முட்டையிடக் கரையேறும் அழுங்காமையும் பேராமையும், குட்டையாக வளர்ந்த அலையாத்திப் புதர்கள் என்று உயிர் செறிந்த இடம். கிழக்கே உப்புத்தரை, அதற்கப்பால் மணல்மேடுகள், பின்னணியில் ஹிஜாஸ் மலைகள். ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு ஒன்றுகூடச் செங்கடலில் வந்து விழுவதில்லை. 2017 ஜூலையில் சவூதி அரசு அறிவித்த செங்கடல் திட்டம் இந்த இடத்தைத்தான் தேர்ந்துகொண்டது. 28,000 சதுர கிலோமீட்டர் நிலமும் கடலும் அதற்குள் அடங்கும். 22 தீவுகளிலும் உள்நாட்டில் ஆறு இடங்களிலுமாக 50 விடுதிகள், 8,000 அறைகள் என்பது 2030க்கான இலக்கு.

முதல் விடுதி 2023 நவம்பரில் திறந்தது. அதன்பின் வந்த ஒவ்வொன்றின் படமும் கட்டிடக்கலை இதழ்களில் பரவலாக வெளியானது. சிப்பி போன்ற குடில்கள், நீர்மேல் மிதக்கும் முத்து போன்ற எஃகுக் கோளங்கள், பாலைப்பூவின் இதழ்களைப் போல விரியும் நிழற்கூரை என எல்லாவற்றுக்கும் ‘இயற்கையிலிருந்து பிறந்த வடிவமைப்பு’ என்ற அறிமுகம். படங்கள் அழகாகவே இருக்கின்றன. ஆனால் பாலைக்கரை விடுதி இயற்கையோடு இணங்கியதா என்பதைச் சிப்பியின் வளைவோ முத்தின் பளபளப்போ சொல்லிவிடாது. எங்கே கட்டாமல் விட்டார்கள், உப்பை எப்படித் தாங்கினார்கள், புழுக்கத்தை எதைக்கொண்டு தணித்தார்கள், குடிநீரைப் பிரித்தபின் மிஞ்சிய உவர்நீரை எங்கே விட்டார்கள், இரவில் எவ்வளவு இருட்டை விட்டுவைத்தார்கள் என்ற கேள்விகளின் விடைகளே அதைத் தீர்மானிக்கின்றன. பென்சில் தாளைத் தொடும் முன்பே இவற்றில் பாதி முடிவாகிவிடும்.

செங்கடல் திட்டத்தின் சிறந்த வடிவமைப்பு முடிவு கட்டிடம் எதிலும் இல்லை என்பது என் கணிப்பு. அது ஒரு வரைபடத்தில் இருக்கிறது. ஜித்தாவுக்கு வடக்கே துவலில் இருக்கும் மன்னர் அப்துல்லா அறிவியல் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் கடலியலாளர்கள், கார்லோஸ் துவார்த்தே உட்பட, திட்ட நிறுவனத்தோடு சேர்ந்து காயலைப் பகுதி பகுதியாக ஆராய்ந்தார்கள். அந்த ஆய்வு 2020இல் வெளியானது. பவளம், கடற்புல், அலையாத்தி, ஆமை முட்டையிடும் மணல், பறவைகள் கூடுகட்டும் திட்டு ஆகியவை எங்கெங்கே உள்ளன என்று குறித்துக்கொண்டு, ஒவ்வொன்றிலும் இவ்வளவு பங்கு காக்கப்பட வேண்டும் என்ற இலக்கை வைத்து, மார்க்சான் என்ற மென்பொருளால் பல விதமான பகுப்புகளைச் சோதித்தார்கள். ஆஸ்திரேலியாவின் பெரும்பவளத்திட்டை 2004இல் மறுபகுப்பு செய்தபோது பயன்பட்ட மென்பொருள் இது. குறைந்த இழப்பில் அதிக உயிர்வளத்தைக் காக்கும் பகுப்பை அது தேடித் தரும்.

விளைவாக, 92இல் 70 தீவுகள் கட்டுமானத்துக்கு வெளியே நின்றன. அவற்றுள் ஒன்பது சிறப்புப் பாதுகாப்புக்கு உரியவை என்று ஒதுக்கப்பட்டன. இவற்றில் அல் வக்காதி தீவின் கதையை மறக்கக் கூடாது. சுற்றுலாவுக்கு மிகப் பொருத்தமானதாகத் தோன்றிய தீவு அது. அழிவின் விளிம்பில் இருக்கும் அழுங்காமை அங்கே இனப்பெருக்கம் செய்வது தெரிந்ததும் திட்டத்திலிருந்து விலக்கிவிட்டார்கள். முதலீட்டாளரின் கண்ணுக்கு அழகாகப் படும் மென்மணல் கடற்கரையைத்தான் ஆமையும் தேடிவருகிறது. இந்த மோதலில் ஒருமுறையேனும் ஆமை வென்றிருப்பது சிறிய செய்தி அல்ல.

இந்தக் காயலில் கட்டுமானம் ஏன் இத்தனை நுட்பமான காரியம் என்பதற்கு அதன் பிறப்பே காரணம். இத்தகைய தீவுகளின் மணல் ஆறு கொண்டுவந்ததல்ல. பவளத்தையும் சிப்பியையும் அலை உடைத்தும், கிளிமீன் பவளப்பாறையைக் கொறித்துக் கழித்தும் உண்டான சுண்ணாம்பு மணல் அது. திட்டு உயிரோடு இருக்கும்வரை மணல் வரத்து நிற்காது. திட்டு அலையின் வேகத்தையும் தடுக்கும். திட்டு செத்தால் தீவு கரையத் தொடங்கும். மன்னார் வளைகுடாவை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கிருந்த 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி ஆகிய இரண்டும் சுண்ணாம்புக்காகப் பவளத்தை வெட்டியெடுத்ததன் பின்விளைவாகக் கடலுக்குள் போய்விட்டன. எனவே செங்கடல் தீவு ஒன்றில் கட்டும் பொறியாளர், தீவின் மேல் மட்டுமல்ல, தீவை உண்டாக்கிக்கொண்டே இருக்கும் ஒரு உயிர்த்தொழிற்சாலையின் நடுவிலும் வேலை செய்கிறார். தோண்டும்போது கிளம்பும் சேறு பவளத்தின் மேல் படிந்தால் அது மூச்சுத் திணறும். கரைக்கும் தீவுக்கும் நடுவே மண்ணைக் கொட்டிச் சாலை போட்டால் நீரோட்டம் தடைப்படும். ஷுரைரா தீவுக்குப் போகும் 3.3 கிலோமீட்டர் கடல்வழியில் 1.2 கிலோமீட்டரைத் தூண்கள் மேல் பாலமாக அமைத்ததால் அதன் கீழே நீர் போய்வர வழி இருக்கிறது.

நிலப்பக்கம் வந்தால் உப்பு எதிர்கொள்கிறது. அரபியில் சப்கா எனப்படும் உப்புத்தரை, பார்வைக்குக் கட்டாந்தரை. சில அடி ஆழத்திலேயே உவர்நீர் நிற்கும். வெயில் அதை மேலே இழுத்து ஆவியாக்க, உப்பும் ஜிப்சமும் மேலோட்டில் படிகமாக மிஞ்சும். காய்ந்திருக்கும்போது வண்டி ஓடும் இந்தத் தரை, நனைந்தால் சக்கரத்தை விழுங்கிவிடும். சாதாரணக் கான்கிரீட்டை இங்கே புதைத்தால் உவர்நீரின் குளோரைடு மெல்லமெல்ல உள்ளே புகுந்து கம்பியை அடையும். துருவேறிய கம்பி பருத்து, சுற்றியுள்ள கான்கிரீட்டை உள்ளிருந்தே பிளக்கும். சல்பேட்டு சிமென்டையே தாக்கும். தரைக்கு மேலே தப்பித்தாலும் உப்புக்காற்று விடாது. சென்னைக் கடற்கரையோரம் வீடு கட்டியவர்கள் ஜன்னல் கம்பியில் காணும் அதே துருதான். இங்கே அதைக் கழுவிவிட மழையும் இல்லை.

அதனால் தரையைக் குறைவான இடங்களில் தொடுவதும், கட்டிடத்தைத் தூக்கி நிறுத்துவதும், துருப்பிடிக்காத பொருளைத் தேர்வதும் அழகியல் விருப்பம் என்ற நிலையைத் தாண்டிப் பிழைப்புக்கான வழியாகிவிடுகின்றன. ஷெபாரா தீவின் எஃகுக் கோளங்களை இந்தக் கோணத்தில் பார்த்தால் அவற்றின் உண்மையான மதிப்பு தெரியும். துபாயின் ‘எதிர்கால அருங்காட்சியக’த்தை வடிவமைத்த கில்லா டிசைன் நிறுவனத்தின் படைப்பான அந்த விடுதி 2024இல் 73 குடில்களோடு திறந்தது. ஒவ்வொரு கோளமும் சுமார் 150 டன் எடையுள்ளது. ஐக்கிய அரபு அமீரகத்தில் உள்ள தொழிற்சாலையில் முழுமையாகச் செய்து, கடல்வழியாகக் கொண்டுவந்து பொருத்தினார்கள். முத்து போல இருக்கிறது என்பதைவிட, தீவில் மாதக்கணக்கில் கல்லும் மணலும் கலக்கி, சேறும் சிமென்டும் சிந்தும் வேலையை அது வெகுவாகக் குறைத்தது என்பதே எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

ஆனால் அதே கோளத்தின் கண்ணாடிப் பளபளப்பு எனக்குக் கவலையும் தருகிறது. செங்கடல் ஓரம் உலகின் பெரிய வலசைப் பாதைகளில் ஒன்று. கழுகு, நாரை முதலிய காற்றில் மிதந்து செல்லும் பெரும் பறவைகள் மட்டுமே 15 லட்சத்துக்கு மேல் இவ்வழியே ஆண்டுக்கு இருமுறை கடக்கின்றன. வானத்தைப் பிரதிபலிக்கும் பரப்புகளில் பறவைகள் மோதுவது நகரங்களில் நெடுநாளாக அறியப்பட்ட ஆபத்து. வானமும் கடலும் தன்மேல் தெரியும்படி செய்து கட்டிடத்தை மறைப்பது மனிதக் கண்ணுக்கு அடக்கம். பறவையின் கண்ணுக்கு அது பொறியாகலாம். மோதல்களை எண்ணிப் பதிவு செய்து வெளியிடுவது அந்த வடிவத்தின் ஒரு பகுதியாகவே இருக்க வேண்டும்.

அடுத்து வருவது புழுக்கம். கடலோரப் பாலையைப் பற்றிய வடிவமைப்புப் பேச்சில் அதிகம் பிசகுவது இங்கேதான். பாலை என்றதும் தடித்த மண்சுவர், சிறு ஜன்னல், நடுமுற்றம், அதில் ஒரு நீரூற்று என்று மனம் ஓடுகிறது. ரியாத்தைச் சூழ்ந்த நஜ்து பீடபூமிக்கு அது முற்றிலும் பொருந்தும். அங்கே காற்று உலர்ந்தது. பகலில் சுவர் வாங்கிய வெப்பத்தை இரவின் குளிர் வெளியே இழுத்துவிடும். நீர் ஆவியாகும்போது காற்று குளிரும். இதே உத்தியைக் கடலோரத்துக்குக் கொண்டுவந்தால் தோற்கும். கோடையில் செங்கடலின் நீரே 30 டிகிரியைத் தொடுகிறது. தீவுகளில் இரவும் பெரிதாகக் குளிர்வதில்லை. காற்று ஏற்கெனவே நீராவியால் நிரம்பியிருப்பதால் நீரூற்று குளிர்ச்சி தராது, புழுக்கத்தைத்தான் கூட்டும். அரேபியத் தீபகற்பத்தின் மறுகரையில், பாரசீக வளைகுடாவோரம் உள்ள தஹ்ரானில், 2003 ஜூலையில் பனிநிலை, அதாவது காற்றிலுள்ள நீராவி நீர்த்துளியாகத் தொடங்கும் வெப்பநிலை, 35 டிகிரியாகப் பதிவானது. அந்த நிலையில் மனித உடலின் வியர்வையே உலர மறுக்கும்.

இந்தப் புழுக்கத்துக்கு விடையைச் செங்கடல் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டிருந்தார்கள். 2014இல் யுனெஸ்கோ மரபுச்சின்னப் பட்டியலில் சேர்ந்த பழைய ஜித்தாவின் வீடுகளைப் பாருங்கள். அவை தாழ்ந்து பதுங்குவதில்லை. பல மாடிகளாக உயர்ந்து காற்றைத் தேடுகின்றன. சுவர் பவளக்கல். அதன் நடுநடுவே கிடையாக மரச்சட்டங்களைப் பதித்து, மென்மையான கல்லின் மேல் பளு சமமாகப் பரவும்படி செய்தார்கள். தெருவை நோக்கிப் பிதுங்கி நிற்கும் ரோஷான் என்ற மரச்சாளரக் கூண்டு மூன்று பக்கமும் காற்றை வாங்கி, வெயிலைத் தடுத்து, உள்ளிருப்போரின் தனிமையையும் காத்தது. அதற்கான தேக்கு இந்தியாவிலிருந்தும் ஜாவாவிலிருந்தும் கப்பலில் வந்தது. சூடான் கரையில் இன்று இடிபாடாகக் கிடக்கும் சுவாக்கின் துறைமுகத்திலும் இதே குடும்பத்தைச் சேர்ந்த வீடுகள் இருந்தன. இரு கரைகளும் ஒரே புழுக்கத்துக்கு ஒரே விடையைக் கண்டடைந்தன: காற்றோட்டம், ஆழ்ந்த நிழல், ஈரத்தை உறிஞ்சி வெளிவிடும் சுவர்.

பவளக்கல்லை இனி வெட்ட முடியாது, வெட்டவும் கூடாது. எடுத்துக்கொள்ள வேண்டியது அதன் அறிவை. செங்கடலின் வடபாதியில் ஆண்டு முழுவதும் வடமேற்கிலிருந்து, கடலின் நீளவாக்கில், காற்று வீசுகிறது. குடில்களை அதற்குக் குறுக்காக வரிசை வரிசையாக அடைத்தால் முன்வரிசை மட்டும் காற்றைக் குடிக்கும். இடைவெளி விட்டு, மாறிமாறி நிறுத்தி, தரையைத் தூக்கி, கீழேயும் காற்று ஓட விட்டால் வெளியிடங்களில் உட்கார முடியும். நிழலை மறந்துவிட்டு நடைபாதை அமைத்தால் அதில் பகலில் ஆள் நடக்க மாட்டார், மின்வண்டிதான் ஓடும். ஃபாஸ்டர் + பார்ட்னர்ஸ் வடிவமைத்து முதலில் திறந்த சதர்ன் டியூன்ஸ் விடுதியில் அறைகளைவிட நடுவெளியின் பெரிய நிழற்கூரையே முதன்மை பெறுவது சரியான தேர்வு. அது உள்நாட்டுப் பாலையில் இருப்பதால் அங்கே காற்று சற்று உலர்ந்தது; கூரை இன்னும் நன்றாக வேலை செய்யும். அதே நிறுவனத்தின் நுஜூமா விடுதியும், கெங்கோ குமா வடிவமைத்த செயின்ட் ரெஜிஸ் விடுதியும் உம்மஹாத் தீவுகளில் இருக்கின்றன. அங்கே கடினமான சோதனை வேறு: கடலை நோக்கி அகலத் திறக்கும் கண்ணாடிக் கதவு.

சொகுசு விடுதிக்கு வரும் விருந்தினர் கதவைத் திறந்து வைத்துக் கடலைப் பார்க்க விரும்புவார். குளிர்சாதனம் ஓடும் அறைக்குள் கடற்காற்று புகுந்தால், இயந்திரத்தின் உழைப்பில் பெரும்பகுதி வெப்பத்தைத் தணிப்பதை விட்டு ஈரத்தைப் பிழிந்தெடுப்பதில் போய்விடும். குளிர்ந்த சுவரிலும் குழாய்களிலும் நீர் பூக்கும், பூஞ்சை பிடிக்கும். திறந்தவெளி வாழ்வு என்று விளம்பரத்தில் காட்டுவது உண்மையில் மிகுந்த மின்செலவுள்ள வாழ்வு. கதவு திறந்தால் தானாக நிற்கும் குளிர்சாதனம், அறைக்கும் கடலுக்கும் நடுவே குளிரூட்டாத ஆழ்ந்த நிழல்வராந்தா, அதில் ஒரு மின்விசிறி என்று போனால் செலவு வெகுவாகக் குறையும். திண்ணையும் தாழ்வாரமும் வைத்து வாழ்ந்த நமக்கு இது புரியாத சங்கதியல்ல.

எல்லாக் கடலோரப் பாலைகளும் ஒன்றில்லை என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். நமீபியாவின் எலும்புக்கூட்டுக் கரையில் பெங்குவேலா குளிர்நீரோட்டம் கரையை ஒட்டி ஓடுகிறது; மழை இல்லை, மூடுபனி உண்டு, இரவு நடுக்கும். அங்கே ஹோவருசிப், ஹோவனிப் என்ற இரு வறண்ட ஆறுகளுக்கு நடுவே நினா மாரிட்ஸ் என்ற கட்டிடக் கலைஞர் வடிவமைத்த ஷிப்ரெக் லாட்ஜ் 2018இல் திறந்தது. உடைந்த கப்பலைப் போன்ற பத்து மரக்குடில்கள், உள்ளே விறகடுப்பு. மரத்தால் ஆனதால் ஒருநாள் கழற்றி எடுத்துப் போகவும் முடியும். அந்தக் குடிலை அப்படியே செங்கடலுக்குக் கொண்டுவந்தால் அடுப்பாகிவிடும். ஆயினும் அதன் அளவு எனக்கு உவப்பானது. பத்துக் குடில் என்பது ஒரு வடிவமைப்பு முடிவு. வளைவும் பொருளும் அதற்குப் பிறகுதான்.

கடல்மேல் குடில் என்ற எண்ணமும் வேறு இடத்துக் குழந்தைதான். 1967இல் பிரெஞ்சுப் பொலினீசியாவின் ரையாத்தேயா தீவில், நல்ல மணற்கரை இல்லாத ஒரு விடுதி, விருந்தினரை நேராகக் காயலுக்கு அழைத்துப்போக நீர்மேல் குடில் கட்டியது. பின்னர் மாலத்தீவில் அது சொகுசின் அடையாளமாகிவிட்டது. பவளத்தின் உள்ளே வாழும் பாசிக்கும் கடற்புல்லுக்கும் வெளிச்சம் வேண்டும். குடில் விழுத்தும் நிழலில் இரண்டும் மெலியும். ஏற்கெனவே வெறும் மணலாக உள்ள கடற்படுகையின் மேல் மட்டும் தூண்களை இறக்குவதாக இருந்தால் இழப்பு குறைவு. அதற்குத் தூணுக்குத் தூண் படுகையை ஆராய்ந்த பின்னரே வரைபடம் தொடங்க வேண்டும்.

இனி தண்ணீர். ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். செங்கடலின் மேற்பரப்பிலிருந்து ஆண்டுக்கு ஏறத்தாழ 2 மீட்டர் உயரத்துக்கு நீர் ஆவியாகிறது. குடிலுக்கு ஒன்றாக 50 சதுர மீட்டர் நீச்சல்குளம் கட்டி, அது இதே வேகத்தில் வற்றுவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 1 லட்சம் லிட்டர் போகும். 100 குடில்களுக்கு 1 கோடி லிட்டர். யாரும் குளிக்கவோ குடிக்கவோ செய்யாமல், வெறும் காற்றுக்குக் கொடுக்கும் நன்னீர் இது. கடல்நீரைச் சவ்வு வழியே அழுத்திக் குடிநீராக்க 1,000 லிட்டருக்கு 3 முதல் 4 யூனிட் மின்சாரம் ஆகும். ஆக 30,000 முதல் 40,000 யூனிட். இது பெரிய தொகையல்ல, சூரியனே தந்துவிடும். செங்கடல் திட்டம் முதற்கட்டத்தில் 7,60,000க்கு மேற்பட்ட சூரிய மின்தகடுகளையும் 1,000 மெகாவாட்-மணிக்கு மேற்பட்ட மின்கலத் தொகுதியையும் அமைத்து, தேசிய மின்வலையைச் சாராமல் இயங்குகிறது. அது உண்மையான சாதனை.

சிக்கல் மிஞ்சும் உவர்நீரில் இருக்கிறது. உள்ளே இழுத்த கடல்நீரில் 40 சதவீதம் நன்னீரானால், 1 கோடி லிட்டருக்கு 1.5 கோடி லிட்டர் உவர்நீர் மிஞ்சும். லிட்டருக்கு 41 கிராம் உப்பு இருந்த நீர் 68 கிராமுக்கு ஏறிவிடும். கனமான அந்த நீர் கடலில் விட்டால் கலக்காமல் அடியில் தவழும். கடற்புல் வளர்வதும் அங்கேதான். வெளிக்கடலோடு குறுகிய வாய்க்கால்களால் மட்டும் இணைந்த காயலில் அது எளிதில் வெளியேறாது. 2019இல் வெளிவந்த உலகளாவிய ஆய்வின்படி, உலகின் நன்னீராக்க ஆலைகள் நாளுக்கு 9.5 கோடி கன மீட்டர் நன்னீரைத் தந்து 14.2 கோடி கன மீட்டர் உவர்நீரைக் கழிக்கின்றன. அந்த உவர்நீரில் 22 சதவீதம் சவூதி அரேபியாவினுடையது. செங்கடல் திட்டம் கடலில் எதையும் விடுவதில்லை என்று தொடக்கத்திலேயே உறுதி கூறியது. அந்த உறுதியின் முழுப்பொருள், பிரிந்த உப்பு அனைத்தும் நிலத்தில் எங்கோ சேர்ந்தாக வேண்டும் என்பது. ஆவியாக்கும் பாத்தியில் விட்டால் கசிவைத் தடுக்க வேண்டும். அதைக் கண்டு இறங்கும் பறவைகளையும் காக்க வேண்டும்.

ஆகவே நன்னீரைத் திறமையாகப் பிரிப்பதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி, இத்தனை குளங்கள் எதற்கு என்பது. குடிலுக்கு ஒன்று என்பதை விட்டுப் பொதுவாகச் சில குளங்கள், அவற்றின் மேல் நிழல், முடிந்த இடத்தில் கடல்நீரே ஏறி இறங்கும் குளம் என்று மாற்றினால் மேற்சொன்ன கணக்கு பாதிக்கும் கீழே வரும். பத்தடியில் தெளிந்த கடல் இருக்கும்போது தனிக்குளம் இல்லாததைக் குறையாக நினைக்கும் விருந்தினரை மாற்றுவது கட்டிடக் கலைஞருக்கும் விற்பனையாளருக்கும் சேர்ந்த வேலை. ஆடம்பரத்துக்கு வேறு இலக்கணம் சொல்லும் வாய்ப்பு பணக்கார விடுதிகளுக்குத்தான் உண்டு. மலிவான விடுதி துணிய முடியாததை அவை துணியலாம்.

பச்சைக்கும் இதே நியாயம். இங்கே புல்தரை போட்டால் அது நன்னீரைக் குடிக்கும், உரத்தைக் காயலில் கசியவிடும். அலங்காரப் பனைகளையும் ஈச்சைகளையும் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்ததன் விலையை அரேபியா ஏற்கெனவே கொடுத்திருக்கிறது. நம் தென்னந்தோப்புகளைத் துளைக்கும் சிவப்புக் கூன்வண்டு 1980களில் இறக்குமதிக் கன்றுகளோடு அங்கே போய்ச் சேர்ந்து பேரீச்சைத் தோப்புகளை அழித்தது. உமரி, சவுக்கைப் போன்ற இலையுள்ள தாமரிஸ்கு, குடை விரித்த வேலமரம் ஆகியவை உப்பையும் வறட்சியையும் பழகியவை. திட்ட நிறுவனம் 10 லட்சம் சதுர மீட்டருக்கு மேல் நாற்றங்கால் அமைத்து உள்ளூர்ச் செடிகளை வளர்ப்பது பாராட்டத்தக்கது. 2030க்குள் 5 கோடி அலையாத்தி நடும் இலக்கைப் பற்றி மட்டும் ஓர் எச்சரிக்கை. இங்கு வளர்வது பிச்சாவரத்திலும் உள்ள அவிசென்னியா மரினா இனமே. செங்கடலில் அது குட்டையாக நிற்பதற்கு இரும்புச்சத்துக் குறைவு ஒரு காரணம் என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். அது இயல்பாக வளராத சேற்றுவெளியில் வரிசையாக நட்டால், அங்கே இரை தேடும் கரைப்பறவைகளின் இடம் பறிபோகும். எத்தனை நட்டோம் என்பதைவிட, ஐந்து ஆண்டுக்குப் பின் எத்தனை நிற்கின்றன, எந்த இடத்தில் நிற்கின்றன என்பதே பயனுள்ள கணக்கு.

இருட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். முட்டையிலிருந்து வெளிவரும் ஆமைக்குஞ்சு, தாழ்வாகத் தெரியும் வெளிச்சமான தொடுவானத்தைக் கடல் என்று நம்பி ஓடுகிறது. விடுதியின் விளக்கு அதைவிடப் பிரகாசமாக இருந்தால் குஞ்சு எதிர்த்திசையில் போய் விடிவதற்குள் காய்ந்து சாகும். விளக்கைத் தாழ்த்தி, மறைத்து, நீலம் கலக்காத செம்மஞ்சள் ஒளியாக்கி, ஆமைப்பருவத்தில் கரைப்பக்கத்தை முற்றிலும் அணைத்துவிடுவது எளிய வழி. தீவுகளில் கூடுகட்டும் புகைநிற வல்லூறு ஒன்றும் இருக்கிறது. இலையுதிர்காலத்தில் வலசை வரும் சிறு பறவைகளைக் குஞ்சுகளுக்கு ஊட்டுவதற்காகவே அது கொடுங்கோடையில் முட்டையிடுகிறது. வெயில் காலத்தில் விருந்தினர் குறைவு என்று பராமரிப்பு வேலைகளை அப்போது வைத்துக்கொண்டால், அது இந்தப் பறவையின் கூட்டுக்காலத்தில் போய் விழும். விடுதியின் நாட்காட்டியும் வரைபடத்தின் ஒரு பகுதிதான்.

அதே வெயிலில் கட்டுமான வேலை செய்வோர் யார் என்பது நமக்குத் தெரியும். வளைகுடா நாடுகளின் கட்டுமானத் தலங்களில் தமிழகத்துக் கொத்தனாரும் கம்பி கட்டுபவரும் வெல்டரும் நெடுங்காலமாக உழைத்துவருகிறார்கள். சவூதியில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை நண்பகல் 12 முதல் 3 மணிவரை வெயிலில் வேலை வாங்கத் தடை இருக்கிறது. ஆனால் புழுக்கம் மூன்று மணிக்கு முடிவதில்லை. ஈரத்தையும் சேர்த்து அளக்கும் வெப்ப அளவைக் கொண்டு வேலையை நிறுத்தும் முறையே கடலோரத்துக்குப் பொருந்தும். தொழிற்சாலையில் செய்து கொண்டுவரும் முறை தீவின் பவளத்தைக் காப்பது போலவே, திறந்த வெயிலில் மனிதர் நிற்கும் நேரத்தையும் குறைக்கிறது. விடுதியின் பசுமைச் சான்றிதழில் இந்த இரண்டாவது நன்மைக்கும் இடம் இருக்க வேண்டும்.

எதிர்க்கரையில் பாடம் தயாராக இருக்கிறது. எகிப்தின் ஹுர்கதா 1980களில் மீனவர் ஊராக இருந்து சுற்றுலா நகரமாக வீங்கியது. விடுதிக்கு ஒரு கடற்கரை வேண்டும் என்பதற்காக ஆழமற்ற பவளத்தளத்தின் மேல் மண்ணைக் கொட்டி நிரப்பினார்கள். கிளம்பிய சேறு அருகிலிருந்த திட்டுகளையும் மூடியது. 1994இன் 4ஆம் எண் சுற்றுச்சூழல் சட்டம், அனுமதியின்றிக் கரையிலிருந்து 200 மீட்டருக்குள் கட்டக் கூடாது என்று வரம்பு வைத்தபோது பல இடங்களில் சேதம் முடிந்திருந்தது. அங்கே எந்தத் தனிக்கட்டிடத்தின் வடிவமும் கெடுதல் செய்யவில்லை. ஒன்றன்பின் ஒன்றாக வந்த விடுதிகளின் எண்ணிக்கைதான் செய்தது.

தன் பகுதிக்கு ஆண்டுக்கு 10 லட்சம் பேருக்கு மேல் வரவிடுவதில்லை என்று செங்கடல் திட்டம் வரம்பு வைத்திருக்கிறது. காயல் தாங்கும் அளவைக் கணக்கிட்டே அந்த எண்ணை அறிவித்தார்கள். வடக்குச் செங்கடலின் பவளம், மற்ற கடல்களின் பவளத்தைவிட வெப்பத்தைக் கூடுதலாகத் தாங்கக் கூடியது என்று 2013 முதல் ஆய்வாளர்கள் சொல்லிவருகிறார்கள். உலகில் கடைசியாக எஞ்சக்கூடிய திட்டுகளில் இவையும் இருக்கலாம். விருந்தினரை ஏற்றிவரும் விமானத்தின் புகை எந்த விடுதியின் கணக்கிலும் பெரும்பாலும் ஏறுவதில்லை. அதன் வெப்பம் மட்டும் இந்தப் பவளத்தின் மேல் ஏறும். கட்டுமானத்துக்கு முன் காயல் எப்படி இருந்தது என்ற விவரம் துவல் பல்கலைக்கழகத்தின் ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. உலகின் மிகச் சில கடலோரத் திட்டங்களுக்கே அப்படியோர் அடிப்படைப் பதிவு இருக்கிறது. பவளத்தின் பரப்பு, கடற்புல்லின் அடர்த்தி, ஆமைக்கூடுகளின் எண்ணிக்கை, உவர்நீரின் அளவு ஆகியவற்றை அதே இடங்களில் ஆண்டுதோறும் அளந்து, விடுதி வாரியாக எல்லோரும் பார்க்கும்படி வெளியிட வேண்டும். அளவுகள் சரிந்தால் 50 விடுதி என்ற இலக்கைக் குறைப்பதற்கான விதியை முதலீட்டு ஒப்பந்தத்திலேயே இப்போது எழுதிவைக்க வேண்டும். அறைகள் நிரம்பத் தொடங்கிய பின் அந்த விதியை யாரும் எழுத மாட்டார்கள்.